செப்பனிடும் கையும் செல்லும் கலமும்

(பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பத்தாண்டு நிறைவு என்பது, ஓடிய கலம் ஒன்று கரையேற்றப்படும் காலத்தை ஒத்தது. கரையில் நிற்கும் கலத்தின் அடிப்பகுதி அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகின்றது. எந்தப் பலகை உறுதியானது, எது உளுத்தது, எங்கே நீர் கசிந்தது என்பனவற்றை ஓடிக்கொண்டிருக்கும்போது காண இயலாது. எனவே, பழைய பாய்க்கலங்களைச் செப்பனிட்டுக் கடலேறிய இருவரின் வரலாறு இன்றைய உரைக்குப் பொருளாகின்றது. இருவரும் அமெரிக்க மண்ணில் வாழ்ந்தவர்கள். ஒருவர் மாலுமி, மற்றவர் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறர் எழுதியவற்றைத் திருத்தியவர். கடலை வென்றவர்கள் என்றே உலகம் அவர்களைப் போற்றுகின்றது. ஆயின் அவர்தம் பயணத்தினும் அவர்கள் செய்த பழுதுபார்ப்பே கவிஞர்களுக்கு மிகுதியும் கற்பிக்க வல்லது என்பது இவ்வுரையின் கருத்து.

கலம் கட்டுதலுக்கும் கவிதை கட்டுதலுக்கும் தமிழில் சொல்லளவிலேயே உறவு உண்டு. யாத்தல் என்பது கட்டுதல். யாப்பு என்பது கட்டு. தளை என்பதும் கட்டே. மரங்களைக் கயிற்றால் பிணித்தது கட்டுமரம். அச்சொல்லே ஆங்கிலத்திற்கும் சென்றது. கலத்தின் அடிமரத்தை ஏரா என்றும், விலா எலும்புபோல் வளைந்த உள்மரங்களை வங்கு என்றும், பலகைகளின் இடுக்கடைக்கும் தொழிலைக் கலப்பற்று என்றும் வழங்குவர். இச்சொற்களை நினைவில் இருத்திக்கொண்டு முதலாமவரைக் காண்போம்.

ஜோசுவா ஸ்லோக்கம் 1844-ஆம் ஆண்டில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். இளமையிலேயே கடலுக்குச் சென்று, பாய்க்கப்பல்களின் தலைவராக உயர்ந்தார். மனைவி வர்ஜீனியா கப்பலிலேயே உடன் வாழ்ந்து, 1884-இல் புவெனஸ் அயர்ஸ் துறையில் கப்பலிலேயே மறைந்தார். 1887-இல் அவர்தம் அக்விட்னெக் என்னும் கப்பல் பிரேசில் கரையில் சிதைந்தது. அங்கேயே 35 அடி நீளத்தில் ஒரு சிறு கலம் கட்டி, இரண்டாம் மனைவியுடனும் மக்களுடனும் அமெரிக்கா திரும்பினார். அக்கலம் நீரில் இறங்கிய 1888 மே 13 அன்றுதான் பிரேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பெற்றது. அதனால் கலத்திற்கு விடுதலை எனப் பொருள்படும் லிபர்தாதே என்ற பெயர் அமைந்தது.

1892-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவர் பாஸ்டன் நகரில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 48. நீராவிக் கப்பல்களின் எழுச்சியால் பாய்க்கப்பல் தலைவர்களுக்கு வேலை அருகியிருந்தது. கற்ற கலை காலத்தால் கைவிடப்பட்ட நிலை அது. அந்நிலையில் எபன் பியர்ஸ் என்னும் முதிய திமிங்கில வேட்டைத் தலைவர் அவரைச் சந்தித்தார். தம்மிடம் ஒரு கலம் உள்ளது என்றும், அதற்குச் சிறிது பழுதுபார்ப்பு வேண்டும் என்றும், அதனை அவருக்கே தருவதாகவும் கூறினார். கலத்தைக் காண ஸ்லோக்கம் ஃபேர்ஹேவன் என்னும் ஊருக்குச் சென்றார்.

கலம் கடலில் இல்லை. மேய்ச்சல் நிலத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. கித்தான் துணி போர்த்தப்பெற்று ஏழாண்டுகளாக அங்கேயே நின்றது. முன்பு சிப்பி எடுக்கப் பயன்பட்ட ஒற்றைப் பாய்மரக் கலம் அது. நீர்த்திவலை எனப் பொருள்படும் ஸ்ப்ரே என்பது அதன் பெயர். ஏறத்தாழ நூறாண்டுப் பழமை உடையது என்று அவ்வூரார் கருதினர்.

இக்காட்சியில் கவிஞர்கள் சற்று நின்று நோக்குதல் தகும். அக்கலத்தை எவரும் வெறுத்து ஒதுக்கவில்லை, பரிவோடுதான் காத்தனர். மழை படாமல் மூடினர், சாயாமல் முட்டுக்கொடுத்தனர். ஆயினும் மூடிய துணிக்கு உள்ளேயே மரம் உளுத்துக்கொண்டிருந்தது. பயன்படாமல் போற்றப்படும் பொருளுக்கு நேர்வது இதுவே. மரபின்மேல் பற்றுடையோர் பலர் மரபுக்குச் செய்வதும் பெரும்பாலும் இதுவே. பாதுகாத்தல் வேறு, வாழவைத்தல் வேறு.

ஸ்லோக்கம் வந்ததைக் கண்ட ஊரார், கலத்தை உடைத்துப் பிரிக்கத்தான் வந்துள்ளார் என எண்ணினர். மீண்டும் கட்டப்போவதாக அவர் சொன்னபோது வியந்தனர். வியப்பைத் தொடர்ந்து பிறந்த வினா, இதனால் வரும்படி உண்டா என்பது. ஓராண்டுக்கு மேலாக அவர் இவ்வினாவுக்கு விடை சொல்ல நேர்ந்தது. வரும்படி உண்டாகச் செய்வேன் என்பதே அவர் அளித்த விடை. கவிதை எழுதுவோர் எவரும் இவ்வினாவை அறியாதவர் அல்லர்.

அவர் முதலில் செய்தது, அருகில் நின்ற ஓக் மரம் ஒன்றை வெட்டி ஏராவிற்கு ஆக்கியது. வங்குகளுக்கு நேரான இளமரங்களைத் தெரிந்து, செதுக்கி, நீராவியில் பதமாகும்வரை வேகவைத்து, ஒரு மரத்துண்டின்மேல் வளைத்துக் கட்டிக் காயவைத்தார். முன்மரமும் மேய்ச்சல் நிலத்து ஓக்கே. பக்கப் பலகைகள் ஒன்றரை அங்குலக் கனமுள்ள ஜார்ஜியாப் பைன். பலகைகளைப் பிணிக்க ஏறத்தாழ ஆயிரம் திருகாணிகளைப் பயன்படுத்தினார். பலகை இடுக்குகளில் முதலில் பஞ்சையும் அதன்மேல் பழங்கயிற்று நாரையும் செலுத்திக் கலப்பற்று வேலையை முடித்தார். பாய்மரம் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து வந்த ஸ்புரூஸ். வேலை நடக்கும்போது திமிங்கில வேட்டைத் தலைவர்கள் வந்து பார்த்துக் கருத்துரைத்தனர். இவையெல்லாம் 13 மாதங்களில் நிறைவுற்றன. பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட் என்று அவர் கணக்கெழுதி வைத்துள்ளார்.

இப்போது ஒரு வினா எழுகின்றது. ஏரா புதிது, வங்கு புதிது, பலகை புதிது, பாய்மரம் புதிது. அவ்வாறாயின் நீரில் இறங்கியது பழைய ஸ்ப்ரேயா, புதிய கலமா? பழையது எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்கியது என்று சொல்வது அரிது என ஸ்லோக்கமே குறிக்கின்றார். பழையதிலிருந்து சிறிது சிறிதாகப் புதுப்பிக்கப்பட்டு முற்றும் புதிதாகிவிட்ட கலமும் பழைய பெயருக்கே உரியது என்னும் லாயிட்ஸ் பதிவு மரபையும் அவர் சுட்டுகின்றார்.

பெயரை மட்டும் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண்பது போதாது. பழைய மரம் போயிற்று. பழைய வடிவம் போகவில்லை. பழைய உறுப்பின் இடத்தில் புதிய உறுப்பு, அந்த உறுப்பின் அளவறிந்து, அதன் தொழிலறிந்து வைக்கப்பட்டது. கலத்தின் நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். சிப்பி எடுப்போரின் தேவைக்காக எழுந்த அந்த அகன்ற உருவத்தை அவர் பேணினார். ஆனால் அதனை அப்படியே படியெடுக்கவும் இல்லை. கரையோரம் உழன்ற கலம் பெருங்கடலுக்குச் செல்ல வேண்டுமாயின் நீருக்குமேல் நிற்கும் பக்கவுயரம் போதாது எனக் கண்டார். நடுவில் ஓரடியும், முன்பகுதியில் 18 அங்குலமும், பின்பகுதியில் 14 அங்குலமும் உயர்த்தினார். எதைக் காக்க வேண்டும், எதை உயர்த்த வேண்டும் என்பதை அளவுகோலோடு அறிந்த செயல் இது.

தமிழ் இலக்கண நூலார் முதல்நூல், வழிநூல் என வகுத்தனர். வழிநூல் செய்வோன் முன்னோன் முடிபை ஏற்றும், தன் காலத்திற்கு வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்தும் செய்வான். இடைக்காலத்தில் வழிநூல் என்ற சொல்லுக்கே ஓர் இரண்டாந்தர மதிப்பு ஏற்பட்டுவிட்டது. ஃபேர்ஹேவன் மேய்ச்சல் நிலத்தில் நடந்த 13 மாத உழைப்பு அம்மதிப்பீட்டை மறுக்கின்றது. புதிதாக ஒன்றைக் கட்டுபவன் தன் திட்டத்தோடு மட்டும் உரையாடுகின்றான். பழையதைச் செப்பனிடுபவனோ, பெயர் தெரியாத முன்னைத் தச்சன் ஒருவனோடும் உரையாட வேண்டியவனாகின்றான். ஒவ்வொரு பலகையையும் கழற்றும்போது, இது ஏன் இவ்வாறு வைக்கப்பட்டது என்று கேட்க வேண்டியுள்ளது. காரணம் அறியாமல் கழற்றுவோன் கலத்தைக் கெடுப்பான். காரணம் அறிந்தும் கழற்ற அஞ்சுவோன் அதனைக் கரையிலேயே வைத்திருப்பான்.

செப்பனிட்ட கலம் உடனே உலகைச் சுற்றப் புறப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. ஒரு பருவம் முழுதும் ஸ்லோக்கம் அதில் கரையோரம் மீன்பிடிக்க முயன்றார். தூண்டிலில் இரை கோக்கும் திறமைகூடத் தமக்கு வாய்க்கவில்லை என்று அவர் ஒப்புக்கொள்கின்றார். வரும்படி இல்லை. ஆயின் அப்பருவத்தில் கலத்தின் இயல்பு அவருக்குப் பழகியது. அதன்பின் 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். அப்போதும் நேரே பெருங்கடலில் இறங்கவில்லை. கிளாஸ்டர் என்னும் மீன்பிடித் துறையில் தங்கி உணவும் கருவிகளும் சேர்த்தார். கரைக்குச் சென்றுவரத் துணைத்தோணி வேண்டியிருந்தது. முழுத்தோணி வைக்க இடமில்லை. எனவே, கைவிடப்பட்ட தோணி ஒன்றைக் குறுக்கே இரண்டாக அறுத்து, அறுத்த பக்கத்தைப் பலகையால் அடைத்து, அரைத்தோணியாக்கிக் கொண்டார். துணி துவைக்கும் தொட்டியாகவும் அதுவே பயன்பட்டது.

பின்னர் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்று, தம் இளமைக்கால ஊரைக் கண்டார். யார்மத் துறையில் ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். கடலில் தீர்க்கரேகை காணத் துல்லியமான காலமானி வேண்டும் என்பது மாலுமிகள் நம்பிக்கை. அவரிடமிருந்த பழைய காலமானியைச் சரிசெய்ய 15 டாலர் ஆகும் என்றனர். தகரக் கடிகாரத்தின் விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்தமையால் கடைக்காரர் ஒரு டாலருக்குக் கொடுத்தார். ஜூலை 2 அன்று அங்கிருந்து புறப்பட்டவர் அட்லாண்டிக்கைக் கடந்து ஜிப்ரால்டரை அடைந்தார். சூயஸ் வழியாகக் கிழக்கே செல்வதுதான் அவர் திட்டம். மத்தியதரைக் கடலில் கொள்ளையர் அச்சம் உண்டு என அங்கிருந்த கடற்படையினர் எச்சரித்ததும், திட்டத்தை மாற்றிப் பெருங்கடலை மீண்டும் கடந்து மேற்கே திரும்பினார். வகுத்த திட்டத்தைக் கைவிடும் துணிவும் திட்டமிடலின் ஒரு பகுதியே.

செப்பனிடுதல் கரையோடு முடிந்துவிடவில்லை. புவெனஸ் அயர்ஸில் பாய்மரத்தை ஏழடி குறைத்தார். முன்புறம் நீண்ட கழியையும் ஐந்தடி குறைத்தார். மகெல்லன் நீரிணையின் கடுங்காற்றில் பட்ட பாட்டிற்குப் பின், கலத்தின் பின்புறத்தில் சிறியதொரு பாய்மரத்தைச் சேர்த்தார். இவ்வாறு பயணம் கற்பிக்கக் கற்பிக்கக் கலம் திருந்தியது. அதன் பயனை இந்தியப் பெருங்கடலில் காண்கிறோம். தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் கொக்கோஸ் தீவுகள்வரை 2,700 மைல், 23 நாட்கள். அத்தனை நாட்களிலும் சேர்த்து அவர் சுக்கான் பிடித்தது மூன்று மணி நேரத்திற்கு மிகவில்லை. பாய்களும் சுக்கானும் ஒத்தமைந்த நிலையில் கலம் தானே தன் திசையில் சென்றது. நன்கு யாக்கப்பெற்ற பாட்டும் இவ்வாறே, ஆக்கியோன் கைவிட்ட பின்னரும் தன் வழியில் செல்கின்றது.

இரண்டாமவர் ராபர்ட் மேன்ரி. இவர் பிறந்தது இந்தியாவில். இமயமலைச் சாரலின் லண்டோரில், 1918-இல். பின்னாளில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், பிளெயின் டீலர் என்னும் செய்தித்தாளில் படி திருத்துநராகப் பணிபுரிந்தார். பிறர் எழுதியதில் ஒற்று மிகுவதையும் ஒற்று மிகாததையும் பார்க்கும் பணி என்று நம் வழக்கில் கூறலாம். திருத்துபவன் பெயர் செய்தியில் வருவதில்லை. 1958-இல் இவர் ஒரு பழைய மரப்படகை வாங்கினார். நீளம் பதின்மூன்றரை அடி. ஸ்ப்ரேயின் நீளத்தில் பாதியும் இல்லை. ஸ்ப்ரேயின் அகலமே 14 அடிக்கு மேல் என்பதை எண்ணினால் இதன் சிறுமை விளங்கும். அதற்கு டிங்கர்பெல் என்று பெயரிட்டார்.

விடுமுறை நாட்களின் வேலையாகப் பழுது நீக்கினார். மனைவியும் இரு மக்களும் உடன்வர, அடக்கமான நீர்நிலைகளில் தொடங்கி ஈரி ஏரிவரை மெல்ல மெல்லப் பழகினார். ஈரி ஏரி பெயரளவில் ஏரி. திடீர்க் காற்றில் கடலுக்கு இளைத்ததன்று. அங்கே கற்ற பாடங்களுக்கேற்பப் படகில் மாற்றங்கள் நிகழ்ந்தன. திறந்த படகாக இருந்ததில் ஒரு சிறு அறை அமைந்தது. விண்மீன்களையும் கதிரவனையும் கொண்டு இடமறியும் முறையைக் கற்றார். 1965-இல் நண்பர் ஒருவரின் 25 அடிக் கலத்தில் அட்லாண்டிக்கைக் கடப்பதாக இருந்தது. நண்பர் பின்வாங்கவே, ஏழாண்டுகள் தம் கைபட்ட சிறு படகிலேயே தனித்துச் செல்வதென மேன்ரி முடிவு செய்தார். மனைவி இதனை அறிந்தும் ஒப்புதல் அளித்தார். இவர்தம் மனைவியின் பெயரும் வர்ஜீனியாவே.

1965 ஜூன் 1 அன்று மாசசூசெட்ஸின் ஃபால்மத்திலிருந்து புறப்பட்டார். இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள ஃபால்மத்தில் ஆகஸ்ட் 17 அன்று கரையேறினார். ஏறத்தாழ 3,200 மைல், 78 நாட்கள். இடைவழியில் அலைகள் அவரைப் பன்முறை படகிலிருந்து தூக்கி எறிந்தன. உடலையும் படகையும் பிணித்த கயிறே அவரைக் காத்தது. சுக்கான் உடைந்தது, கடலிலேயே செப்பனிட்டார். உறக்கமின்மையால் இல்லாதவர்கள் படகில் இருப்பதாகத் தோன்றிற்று. கரையில் பல்லாயிரவர் திரண்டு வரவேற்றனர். பிறர் பெயர்களுக்குக் கீழே வந்த செய்திகளைத் திருத்திய மனிதர் தாமே செய்தியானார். 1966-இல் தம் படகின் பெயரிலேயே நூலும் எழுதினார்.

இவ்விரு வரலாறுகளையும் வெறும் வெற்றிக் கதைகளாகச் சொல்லி முடித்தல் நேர்மையாகாது. கடல் எல்லாக் காலத்தும் இணங்குவதன்று. தனிப்பயணத்தின் விலையில் ஒரு பங்கைக் கரையில் காத்திருப்போரும் செலுத்துகின்றனர். புகழ்பெற்ற பின்னர் ஸ்லோக்கம் கலத்தை முன்போல் பேணவில்லை; இறுதியாண்டுகளில் அதனைக் கண்டோர் சிலர், கயிறும் பாயும் நலிந்திருந்ததாகக் குறித்துள்ளனர். அதே ஸ்ப்ரேயில் தெற்கு நோக்கி மீண்டும் புறப்பட்டவர் திரும்பவில்லை. 1924-இல் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பெற்றார். காரணம் புயலா, மோதலா, பழுதா என்பதற்குக் கடல் சான்று வைக்கவில்லை. எனினும், ஒருமுறை செப்பனிட்டது என்றைக்கும் போதும் என்று எவரும் அமைதி கொள்ள இவ்வரலாறு இடந்தருவதாக இல்லை.

கவிஞர்களுக்கு இவற்றால் பெறப்படுவது யாது? பழமையை மூடிவைத்தல் ஒரு வழி. உடைத்து விறகாக்குதல் மற்றொரு வழி. மரபுக்கவிதை, புதுக்கவிதை என்னும் நெடிய வழக்காடலில் இவ்விரு குரல்களே பெரிதும் ஒலித்தன. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது கையில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பலகை பலகையாகத் தட்டிப் பார்க்கும் வழி. அவ்வழியில் செல்வோனுக்கு உரத்த குரல் தேவையில்லை; செவி தேவை. உளுத்த மரமும் உறுதியான மரமும் தட்டும்போது எழுப்பும் ஒலி வேறு வேறு. சீரையும் தளையையும் அவ்வாறு தட்டிப் பார்த்தவனுக்கே, எதை விடலாம், எதை விடலாகாது என்பது புலப்படும். தன் கவிதையைத் தானே திருத்த நாணுவோர்க்கும் இது பொருந்தும். திருத்துதல் படைப்பின் எச்சமன்று. படைப்பின் பெரும்பகுதி அதுவே. திருத்துநரான மேன்ரி இதனை அலுவலகத்திலும் படகிலும் ஒருசேர அறிந்திருந்தார்.

முதற்பயணங்கள் சிறியனவாக இருத்தல் இழிவன்று என்பதும் இங்குப் பெறப்படும். ஏரியில் கழிந்த ஏழாண்டுகள் இல்லையேல் 78 நாட்கள் இல்லை. மீன் அகப்படாத ஒரு பருவம் இல்லையேல் உலகச் சுற்றும் இல்லை. இவ்வட்டத்தின் மாதக் கூட்டங்களில் பத்துப்பேர் முன் படிக்கப்பெற்று, குறை சொல்லப்பெற்று, மீண்டும் எழுதப்பெற்ற கவிதைகள் அத்தகைய ஏரிப்பயணங்களே. குறை சொன்னவர், மேய்ச்சல் நிலத்திற்கு வந்து பார்த்துக் கருத்துரைத்த முதிய மாலுமிகளை ஒத்தவர்.

ஸ்லோக்கம் 46,000 மைலுக்கு மேல் கடலோடி, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் துறையை அடைந்தார். உலகைத் தனியே பாய்க்கலத்தில் சுற்றிவந்த முதல் மனிதர் என்னும் பெருமை அவருக்கு அன்றே உரியதாயிற்று. ஆயினும் பயணம் நிறைவுற்றதாக அவர் மனம் ஒப்பவில்லை. ஜூலை 3 அன்று கலத்தை மேலும் செலுத்தி ஃபேர்ஹேவனுக்குச் சென்றார். புதுக்கலம் முதன்முதலில் நீரில் இறங்கியபோது, அதனைக் கட்டுவதற்காகக் கரையில் அடிக்கப்பெற்ற தேவதாரு முளை ஒன்று அங்கே நின்றது. அம்முளையிலேயே ஸ்ப்ரேயைக் கட்டினார். அதைவிட வீட்டிற்கு அருகில் கலத்தைக் கொண்டுசெல்ல இயலாது என்பது அவர் கருத்து.

அவருக்கு ஒரு முளை போதுமாயிருந்தது. பத்தாண்டுகளுக்குமுன் இவ்வூரில் சிலர் கூடி அடித்த முளையும் உறுதியாக நிற்கின்றது. கட்டவிழ்த்துச் செல்வோர் செல்க; சென்றோர் தம் கலத்தின் பழுதுகளை மறைக்காமல் கொண்டுவந்து இங்கே கட்டுக. செப்பனிடும் கைகள் இவ்வட்டத்தில் என்றும் குறையாதிருப்பதாக.